நிறுத்தப்பட்ட பிராண்டின் பழைய கார்: கேட்கும் விலையும் தகும் விலையும்

உற்பத்தி நின்றுபோன ஒரு பிராண்டின் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் வாதம் பெரும்பாலும் இதுதான்: "புதிதாக எடுக்கும்போது இவ்வளவு கொடுத்தேன், இப்போது பாதிதான் கேட்கிறேன்." பாதி என்றதும் மலிவாகத் தோன்றும். ஆனால் ஐந்து ஆண்டுகள் ஓடிய கார், அதன் பிராண்டு ஷோரூம்களில் இன்றும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தாலும், ஏறத்தாழப் பாதி விலைக்கு இறங்கியிருப்பது வழக்கமானதுதான். உற்பத்தி நின்ற பிராண்டுக்கு அதற்கும் கீழே இன்னொரு சரிவு உண்டு. அந்தக் கூடுதல் சரிவைத் தன் விலையில் காட்டாமல் விற்பவர் நம் தலையில் கட்டும்போதுதான் அந்தக் கார் அதிக விலைக்குரியதாகிறது. அந்தச் சரிவைக் கணக்கிடுவதும், நாம் தரக்கூடிய உச்ச விலையைப் பேரத்துக்கு உட்காரும் முன்பே முடிவு செய்துகொள்வதும் எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

நிறுத்தப்பட்ட காரை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தகுந்த விலைக்குக் கிடைத்தால், அதே பணத்துக்கு வேறு பிராண்டில் கிடைக்காத இன்ஜினும் உறுதியான உடற்கட்டும் பாதுகாப்பு வசதிகளும் அதில் கிடைப்பதுண்டு. தகுந்த விலை என்ற அந்த நிபந்தனையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் கடினம்.

எது நின்றது என்பதை முதலில் பிரித்தறியுங்கள்

"கம்பெனி மூடிவிட்டது" என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு நிலைமைகள் குறிக்கப்படுகின்றன. நான்கிலும் விலைச்சரிவு ஒரே அளவில் இருப்பதில்லை.

முதலாவது, ஒரு மாடல் மட்டும் நிறுத்தப்பட்டு பிராண்டு தொடர்ந்து இயங்குவது. இதில் பெரிய இழப்பு இல்லை. அதே ஷோரூமில் சர்வீஸ் நடக்கும், பாகங்களும் வரும். இதைக் காரணம் காட்டி விலையை அடிமட்டத்துக்குக் குறைக்கச் சொல்வதும் நியாயமாகாது.

இரண்டாவது, பிராண்டு மூடப்பட்டாலும் தாய் நிறுவனம் நிலைத்திருப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் 2000 டிசம்பரில் ஓல்ட்ஸ்மொபைலை மூடுவதாக அறிவித்தது. அதன் கடைசிக் கார் 2004 ஏப்ரலில் வெளிவந்தது. பான்டியாக்கும் சாட்டர்னும் 2009-10 காலத்தில் முடிவுக்கு வந்தன. ஃபோர்டு தன் மெர்குரி பிராண்டை மூடப்போவதாக 2010-இல் அறிவித்தது. இந்தப் பிராண்டுகளின் கார்கள் தாய் நிறுவனத்தின் பிற பிராண்டுகளோடு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பகிர்ந்துகொண்டவை என்பதால், பெயர்ப்பலகை மறைந்த பிறகும் அவற்றைப் பழுதுபார்க்க வழி இருந்தது.

மூன்றாவது, பிராண்டு உலகில் எங்கோ தொடர்ந்து இயங்கினாலும் ஒரு நாட்டுச் சந்தையை விட்டு வெளியேறிவிடுவது. சுசுகி 2012-இல் அமெரிக்கக் கார் சந்தையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. செவ்ரோலெட் 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்தது. இத்தகைய நிலையில் பாகங்கள் வேறு நாட்டில் தயாராகிக்கொண்டிருக்கலாம். ஆனால் நம் ஊருக்கு அவை வந்து சேரும் வழி குறுகிவிடுகிறது. ஒரு நாட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்ட மாடலாக இருந்தால் அந்த வழியும் உதவாது.

நான்காவது, நிறுவனமே திவாலாவது. பிரிட்டனின் எம்ஜி ரோவர் 2005 ஏப்ரலிலும், ஸ்வீடனின் சாப் 2011 டிசம்பரிலும், அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனிலும் அந்த நிலைக்கு வந்தன. வாரண்டி என்று ஒரு காகிதம் கையில் இருந்தாலும் அதை நிறைவேற்றக் கடமைப்பட்டவர் எவரும் மிஞ்சாத நிலை இதுதான். இருந்தும் இதற்குள்ளேயே வேறுபாடுகள் உண்டு. சாப் நிறுவனம் வீழ்ந்தபோது அதன் உதிரி பாகப் பிரிவு தனி நிறுவனமாக இருந்ததால் தப்பிப் பிழைத்தது. பின்னர் ஓரியோ என்ற பெயரில் பாகங்களைத் தொடர்ந்து வழங்கியது. அதனால் ஆண்டுக்கணக்கில் தயாரிக்கப்பட்ட 9-3 மாடலை வைத்திருந்தவர்கள் ஓரளவு நிம்மதியாக இருந்தனர். 2010-இல் வெளிவந்து 2011-லேயே நின்றுபோன புதிய 9-5 மாடலை வாங்கியவர்களுக்கோ ஒரு முகப்பு விளக்கு உடைந்தாலே தேடி அலைய வேண்டிய நிலை ஏற்பட்டது. ஒரே பிராண்டு, ஒரே திவால், ஆனால் இரண்டு மாடல்களின் தகும் விலையும் ஒரே அளவில் குறைவதற்கில்லை. ஆகவே பிராண்டின் பெயரோடு நிற்காமல், அந்தக் குறிப்பிட்ட மாடல் எத்தனை ஆண்டுகள், எவ்வளவு பரவலாக விற்றது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

சரிவு ஒரே சீராக நடப்பதில்லை

சாதாரணமாக ஒரு காரின் மதிப்பு முதல் ஆண்டில் வேகமாகவும் அதன்பின் மெதுவாகவும் இறங்கும். நிறுத்தப்பட்ட பிராண்டில் இந்தக் கோட்டின் நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளம் மூடல் அறிவிப்பு வரும் நாளில் தொடங்குகிறது. சில நேரம் அதற்கும் முன்பே தொடங்கிவிடுவதுண்டு.

காரணம், அறிவிப்பு வந்ததும் டீலர்களிடம் தேங்கிக்கிடக்கும் புதிய கார்கள் பெரும் தள்ளுபடியில் இறங்குகின்றன. புதிய காரே குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது இரண்டு ஆண்டு ஓடிய காரை முந்தைய விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஃபிஸ்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திவால் மனு தாக்கல் செய்வதற்குச் சில மாதங்கள் முன்னர், 2024 மார்ச்சில், அந்நிறுவனம் தன் ஓஷன் மின்சாரக் காரின் உயர்ரக வடிவத்தை 61,499 டாலரிலிருந்து 37,499 டாலருக்கு இறக்கியது. பின்னர் மிச்சமிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் சராசரியாக ஒன்றுக்குச் சுமார் 14,000 டாலர் வீதம் மொத்தமாக விற்கப்பட்டன. சில மாதங்களுக்கு முன் முழு விலை கொடுத்து வாங்கிய ஒருவர் "நான் அறுபதாயிரம் கொடுத்தேன்" என்று சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கும் அந்தக் காரின் இன்றைய மதிப்புக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை.

அந்தப் பள்ளத்துக்குப் பிறகு ஓரிரு ஆண்டுகளில் விலை ஒரு மட்டத்தில் நிலைகொள்ளும். சாலையில் அந்தக் கார்கள் நிறைய ஓடிக்கொண்டிருக்கும், கிடங்குகளில் பாகங்கள் இருக்கும், அந்தப் பிராண்டில் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருப்பார்கள். வாங்குவதற்கு நல்ல நேரம் இதுதான் என்பது என் கணிப்பு. ஏனெனில் பெரிய சரிவை முந்தைய உரிமையாளர் சுமந்துவிட்டார்; அடுத்த சரிவு இன்னும் தொடங்கவில்லை.

அடுத்த சரிவு பாகங்கள் தீரும்போது வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் பிராண்டை மூடுவதாக 2020 பிப்ரவரியில் அறிவித்த ஜெனரல் மோட்டார்ஸ், குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு சர்வீஸும் உதிரி பாகங்களும் வழங்குவதாக உறுதியளித்தது. இத்தகைய உறுதிமொழி எழுத்தில் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்பதைக் கண்டறிந்து, நாம் காரை வைத்திருக்கப்போகும் காலத்தோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். உறுதிமொழியின் கடைசி ஆண்டில் காரை விற்கப் போனால், நம்மிடம் வாங்க வருபவர் அந்தக் கெடு முடிவதை விலையில் கழிக்காமல் விட மாட்டார்.

இதற்கு விதிவிலக்கான கார்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் தயாரான வி8 இன்ஜின் ஹோல்டன் கமடோர்களில் சில வகைகள் தயாரிப்பு நின்ற பிறகு விலை ஏறின. ஆர்வலர்கள் தேடும் சக்தி வாய்ந்த இன்ஜின், குறைந்த எண்ணிக்கை, கையால் கியர் மாற்றும் வகை ஆகியவை ஒன்றுசேர்ந்த கார்களுக்கே இப்படி நடக்கிறது. அந்த விதிவிலக்கைக் காட்டி, குடும்பத்தோடு சென்றுவரும் சாதாரண சிறிய காருக்கும் "இனி கிடைக்காது, விலை ஏறும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கார் அரிதாக இருப்பதால் மட்டும் விலை உயராது. அதைத் தேடி வருபவர்களும் இருக்க வேண்டும். தேடுவாரில்லாத அரிய காருக்கு அரிதாக இருப்பதே குறை, ஏனெனில் பாகத்துக்காகப் பிரிக்கக்கூடிய பழைய கார்களும் அதற்குக் குறைவாகவே கிடைக்கும்.

கேட்கும் விலையைச் சந்தை விலை என்று நம்பாதீர்கள்

விளம்பரங்களில் காணும் தொகை விற்பவரின் விருப்பம் மட்டுமே. ஒரு மாடலுக்கு ஐந்து விளம்பரங்கள் இருக்கின்றன என்றால், நியாயமான விலையில் போடப்பட்டவை விரைவில் விற்று மறைந்துவிடுகின்றன. விலை அதிகமாகப் போடப்பட்டவை மாதக்கணக்கில் அங்கேயே நிற்கின்றன. நாம் என்று பார்த்தாலும் கண்ணில் படுவது விற்காமல் நிற்பவையே என்பதால், அவற்றின் சராசரியை எடுத்தால் சந்தை தர மறுத்த விலைகளின் சராசரிதான் கிடைக்கும். அடுத்து விற்க வருபவரும் அதே விளம்பரங்களைப் பார்த்துத் தன் விலையை வைக்கிறார். விற்பனை குறைவாக நடக்கும் நிறுத்தப்பட்ட பிராண்டுகளில் இந்தப் பிழை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவி வெகுகாலம் நீடிக்கிறது.

ஆகவே விளம்பரங்களைச் சில வாரங்கள் தொடர்ந்து கவனியுங்கள். எது எந்தத் தொகையில் மறைந்தது, எது விலை குறைக்கப்பட்டு மறுபடியும் வந்தது, எது நீக்கப்பட்டுப் புதிய படங்களோடு புதியதுபோலப் போடப்பட்டது என்பதைக் குறித்துவையுங்கள். ஒரே கார் இரண்டு மூன்று இடங்களில் வெவ்வேறு விலைக்குக் காணப்படுவதும் உண்டு. அப்போது அதிக விலை போட்டவர் பெரும்பாலும் தரகராகவே இருப்பார். ஏலத்தில் விற்ற தொகைகளும், டீலர் ஒருவர் அந்தக் காரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளத் தரும் மதிப்பும் கிடைத்தால் அவற்றையே முதன்மையாகக் கொள்ளுங்கள். கடன் தரும் வங்கியோ நிதி நிறுவனமோ அந்தக் காருக்கு எவ்வளவு மதிப்பிடுகிறது என்று கேட்டுப் பார்ப்பதும் பயன் தரும். கடன் தேவையில்லாவிட்டாலும் கேளுங்கள். தன் பணத்தைப் போடுகிறவர் என்ன விலையை நம்புகிறார் என்பது அதில் தெரிந்துவிடும்.

விற்பவர் அதிக விலையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் பேராசைதான் என்று கருத வேண்டாம். அவருக்கு அடைக்க வேண்டிய கடன் மிச்சம் இருக்கலாம். அந்தத் தொகைக்குக் கீழே விற்றால் கைக்காசு போட நேரும். அண்மையில் கிளட்ச்சும் டயரும் மாற்றிய செலவை முழுவதுமாக விலையில் சேர்த்திருக்கலாம். மின்னணுச் சிப் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் குறைந்து, பழைய கார்களின் விலை ஏறிய காலத்து விலைகள் இன்னும் அவர் மனத்தில் நிற்கலாம். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பழைய கார் விலைக் குறியீடு முந்தைய ஆண்டைவிட 40 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது, பல நாடுகளிலும் அதுபோன்ற ஏற்றம் இருந்தது. இந்தக் காரணங்கள் எல்லாம் அவருக்கு உண்மையானவையே. ஆனால் இவற்றில் எதுவும் நாம் வாங்கப்போகும் காரின் பயனைக் கூட்டுவதில்லை. அதனால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும்.

உச்ச விலையைக் கணக்கிடும் முறை

எந்த நாட்டுப் பணமானாலும் பொருந்தும்படி, காரின் புதிய விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அதே வயதும் அதே அளவு ஓட்டமும் கொண்ட, அதே வகையைச் சேர்ந்த, இன்றும் விற்பனையில் இருக்கும் பிராண்டின் கார் ஒன்று இப்போது 48-க்கு விற்கிறது என்போம். நாம் பார்க்கும் நிறுத்தப்பட்ட காருக்கு 44 கேட்கிறார்கள். நான்கு குறைவாகத் தருவதாக விற்பவர் பெருமையாகச் சொல்கிறார். நான்கு ஆண்டுகள் வைத்திருந்து விற்பது நம் எண்ணம்.

விற்பனையில் உள்ள பிராண்டின் கார் நான்கு ஆண்டு கழித்து 26-க்கு விற்கும் என்று வைத்தால், அதில் நாம் இழப்பது 22. நிறுத்தப்பட்ட காரை நான்கு ஆண்டு கழித்து வாங்குபவர் 10 தருவார் என்று மதிப்பிடுவோம். இந்த எண்ணை ஊகத்தில் வைக்கத் தேவையில்லை. அதே பிராண்டின் நான்கு ஆண்டு மூத்த கார்கள் இன்று என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்று பார்த்தாலே ஏறத்தாழத் தெரிந்துவிடும். பாகம் தேடுவதற்கும் காத்திருப்பதற்கும் ஆகும் கூடுதல் செலவை ஆண்டுக்கு 1 வீதம் 4 என்று கொள்வோம். இரண்டு கார்களிலும் இழப்பு சமமாக வேண்டுமானால், வாங்கும் விலையிலிருந்து 10-ஐக் கழித்து 4-ஐக் கூட்டினால் 22 வர வேண்டும். அப்படியானால் வாங்கும் விலை 28.

கேட்ட விலை 44, சமநிலை விலை 28. இந்த 28-கூட லாபமான விலையன்று. இரண்டு கார்களுக்கும் வேறுபாடு இல்லாத விலை மட்டுமே. விற்கும்போது ஆள் கிடைக்கத் தாமதமாகும் சிரமத்துக்கும், கணக்கில் வராத பழுதுக்கும் ஈடாக இன்னும் கொஞ்சம் கழித்தால் 25 அருகில் நிற்கலாம். விலை அதற்கு இறங்கவில்லையென்றால், 48 கொடுத்து மற்ற காரை எடுப்பதே சிக்கனம். நாம் கையிலிருந்து கொடுக்கும் தொகை அதிகமானாலும் இழக்கும் தொகை குறைவு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

காரை ஓடி ஓய்ந்து இரும்புக் கடைக்குப் போகும்வரை வைத்திருப்பவருக்குக் கணக்கு சற்று மாறும். பத்து ஆண்டு கழித்து இரண்டு கார்களுக்கும் 3 மட்டுமே கிடைக்கும் என்றால், விற்பனையில் உள்ள காரில் இழப்பு 45. நிறுத்தப்பட்ட காரில் முதல் நான்கு ஆண்டுக்கு 1 வீதமும், பாகங்கள் அரிதாகும் அடுத்த ஆறு ஆண்டுக்கு 2 வீதமும் கூடுதல் செலவு என்று வைத்தால் மொத்தம் 16. இப்போது சமநிலை விலை 32. அதாவது நெடுங்காலம் வைத்திருப்பவர் சற்றுக் கூடுதலாகத் தரலாம், ஏனென்றால் மறுவிற்பனை இழப்பு அவரைத் தொடுவதில்லை. ஆனால் பாகத் தட்டுப்பாடு முழுவதையும் அவரே சந்திக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 44 எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. உங்கள் காருக்குரிய எண்களை இட்டு இதே கணக்கைத் தாளில் எழுதிவிட்டு, விடையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு காரைப் பார்க்கப் போங்கள். காரைப் பார்த்துப் பிடித்துப்போன பிறகு கணக்குப் போட உட்கார்ந்தால், அதற்கு ஏற்றபடி எண்கள் வளைந்துவிடும்.

பாகங்களை விசாரிப்பது

மேலே கூடுதல் செலவு என்று ஒற்றை எண்ணால் குறித்ததுதான் இந்த முயற்சி முழுவதிலும் அதிக உழைப்பைக் கேட்கும் பகுதி. இதைக் கார் பார்ப்பதற்கு முன்பே தொலைபேசியில் பெரும்பாலும் முடித்துவிடலாம்.

முதலில் அந்தக் காருக்கு உடன்பிறப்பு உண்டா என்று தேடுங்கள். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையில் தயாரான பான்டியாக் வைப், உள்ளமைப்பில் டொயோட்டா மேட்ரிக்ஸ்தான். பான்டியாக் மறைந்த பிறகும் அதன் இன்ஜின் பாகங்கள் டொயோட்டாவிடம் கிடைத்தன. சாப் 9-2எக்ஸ் சுபாரு இம்ப்ரெசாவின் மறுவடிவம். மெர்குரி மிலன் ஃபோர்டு ஃப்யூஷனோடு பிறந்தது. இத்தகைய உறவு உள்ள காரை வாங்குபவர் அதிர்ஷ்டசாலி. பெயர்ப்பலகைக்காக விலை குறைந்திருக்கும், இயந்திரத்துக்கோ அனாதை நிலை வந்திருக்காது.

ஆனால் உறவு இன்ஜினோடும் சக்கர அமைப்போடும் நின்றுவிடுவதே வழக்கம். வெளியில் தெரியும் பாகங்கள் பிராண்டுக்குப் பிராண்டு வேறு. ஹெட்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்துமிடத்தில் மெதுவாக ஒரு தூணில் உரசினாலே, விளக்கைச் சட்டத்தோடு திருகிப் பிடிக்கும் பிளாஸ்டிக் காதுகளில் ஒன்று முறிந்துவிடும். பல்ப் எரியும், கண்ணாடியில் கீறல்கூட இருக்காது, ஆனால் விளக்கு ஆடிக்கொண்டே இருப்பதால் இரவில் ஒளி சாலையில் நிலையாக விழாது. விற்பனையில் உள்ள பிராண்டென்றால் ஆர்டர் கொடுத்துச் சில நாளில் மாற்றிவிடலாம். நிறுத்தப்பட்ட பிராண்டில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடங்களில் தேட வேண்டும். கிடைப்பதும் வெயிலில் மஞ்சள் பூத்ததாக இருக்கும். அதன் காதும் முறிந்திருக்க வாய்ப்புண்டு. காரைப் பார்க்கும்போது பானட்டைத் திறந்து, இரண்டு ஹெட்லைட்டுகளின் மேல்பக்கத்தையும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அசைந்தாலோ, பசை போட்டு ஒட்டிய தடம் தெரிந்தாலோ, முன்னால் ஒரு மோதல் நடந்திருக்கிறது என்பதும், புதிய விளக்கு கிடைக்கவில்லை என்பதும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

ஹெட்லைட், முன்கண்ணாடி, பம்பர், பக்கக் கண்ணாடி, கதவு ரப்பர், ஏசி கம்ப்ரஸர், கிளட்ச் செட், டைமிங் பெல்ட் செட், பிரேக் டிஸ்க், சாவி ஆகிய பத்துக்கும் மூன்று கடைகளில் கேளுங்கள். "கிடைக்குமா" என்று பொதுவாகக் கேட்டால் "கிடைக்கும்" என்ற பதிலே வரும். "கையிருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கிருந்து, எத்தனை நாளில் வரும், முன்பணம் எவ்வளவு" என்று கேளுங்கள். பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. பெரும்பாலான பாகங்களில் அந்த எண் ஒட்டுச்சீட்டிலோ அச்சாகவோ இருக்கும். அதை வைத்துத் தேடினால் உடன்பிறப்புக் காரில் அதே எண் பயன்படுகிறதா, பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரியும்.

மின்னணுப் பாகங்களை நான் தனியாக எச்சரிக்கிறேன். இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி, சாவியின் சிக்னலை ஏற்கும் கருவி, ரேடியோ போன்றவை பல கார்களில் அந்தக் காரின் சேசிஸ் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். வேறொரு காரிலிருந்து கழற்றி வந்து பொருத்தினால் மட்டும் அவை இயங்கா. நிறுவனத்தின் பழுது கண்டறியும் கருவியால் காரோடு இணைக்க வேண்டும். சாப் கார்களுக்கு டெக் 2 என்ற கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டியிருப்பது இதனால்தான். ஒரே ஒரு சாவியோடு விற்கப்படும் நிறுத்தப்பட்ட பிராண்டின் காருக்கு, இரண்டாவது சாவி தயாரிக்கும் செலவை விலையிலிருந்து முழுமையாகக் கழித்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். இணையத்தோடு இணைந்து இயங்கும் புதிய மின்சாரக் கார்களில் இது இன்னும் ஆழமான சிக்கல். நிறுவனம் மூடினால் மென்பொருள் திருத்தங்கள் நிற்கலாம், கைபேசிச் செயலி முடங்கலாம், சர்வர் நின்றால் சில வசதிகளும் நிற்கலாம். பேட்டரிக்கு யார் பொறுப்பு என்பதற்கு விடை கிடைக்காத மின்சாரக் காரை, எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும், அன்றாடப் பயணத்துக்கு நம்பி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேரத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

சேசிஸ் எண்ணைக் கொண்டு பாதுகாப்புக் குறைபாட்டுக்கான திரும்பப் பெறுதல் நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் குறைபாட்டில் பான்டியாக் வைப், சாட்டர்ன் ஆஸ்ட்ரா, சாப் 9-3, 9-5 போன்ற, பிராண்டே மறைந்துபோன கார்களும் இருந்தன. ஷோரூமிலிருந்து அழைப்பு வருவது நின்றுபோனதால் அந்த வேலை செய்யப்படாமலே கைமாறிய கார்கள் இருக்கக்கூடும். உயிரைக் காக்க வேண்டிய பாகம் என்பதால் இதில் ஊகத்துக்கு இடம் தரக்கூடாது. செய்து முடித்ததற்கான ஆவணம் வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். குறைந்த ஓட்டம் என்று சொல்லப்படும் கார் நெடுநாள் நின்றே இருந்ததா என்பதற்கு அது ஒரு சான்று. நிறுத்தப்பட்ட கார்கள் ஏதேனும் ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் நிற்பது வழக்கம்தான். சர்வீஸ் பில்களில் இரண்டு தேதிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி இருந்தால், எந்தப் பாகத்துக்காகக் காத்திருந்தீர்கள் என்று நேராகவே கேளுங்கள். அந்தப் பதில் உங்கள் கூடுதல் செலவுக் கணக்கை நேர்செய்யும்.

இன்சூரன்ஸையும் விலை பேசும் முன்பே விசாரியுங்கள். முழுச் சேதமோ திருட்டோ நேர்ந்தால் பொதுவாகச் சந்தை மதிப்பை ஒட்டியே இழப்பீடு கிடைக்கும். 28 பெறும் காருக்கு 44 கொடுத்திருந்தால் கூடுதலாகக் கொடுத்த 16-க்கு எந்தப் பாலிசியும் பொறுப்பேற்காது. அதுபோலவே, சந்தை மதிப்பு குறைந்து பாகத்தின் விலை உயர்ந்த காரில், கதவும் ஹெட்லைட்டும் சேர்ந்து நொறுங்கிய நடுத்தர விபத்தே பழுதுபார்க்கத் தகாதது என்று தீர்மானிக்கப் போதுமானதாகிவிடுகிறது.

பேரத்தில் பிராண்டு மூடியதைப் பற்றி விற்பவரிடம் வாதாட வேண்டியதில்லை. அது அவருக்கும் தெரியும், சொல்லிக்காட்டினால் மனம்தான் கசக்கும். கையிருப்பில் இல்லாத பாகங்களின் பட்டியலையும், விலை குறைத்தும் விற்காமல் நிற்கும் விளம்பரங்களையும், உடன்பிறப்புக் கார் உண்மையில் விற்ற தொகையையும் எடுத்து வைத்து, உங்கள் விலையை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். படியவில்லையென்றால் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்க ஆள் குறைவாக இருக்கும் சந்தையில் காத்திருக்கும் வசதி வாங்குபவருக்குத்தான் உண்டு. ஒவ்வொரு மாதமும் காரின் வயது கூடுகிறது, இன்சூரன்ஸ் தேய்கிறது, நிற்கும் பேட்டரியும் வலுவிழக்கிறது.

விலை படிந்து கார் கைக்கு வந்தபின், மிச்சம் பிடித்த தொகையில் ஒரு பகுதியை உடனே பாகங்களுக்கு ஒதுக்குங்கள். அந்த மாடலுக்கே உரிய ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, இரண்டாவது சாவி ஆகியவற்றைக் கிடைக்கும்போதே வாங்கி வைக்கலாம், அவை கெடுவதில்லை. பெல்ட், ஹோஸ், ரப்பர் புஷ் போன்றவற்றை மட்டும் சேர்த்து வைக்க வேண்டாம். பெட்டியிலேயே இறுகி வெடித்துவிடும் என்பதால், அவற்றைத் தேவைப்படும்போது புதியதாகப் பார்த்து வாங்குவதே சரி.